கலோரி வரம்பு போடும்போது நாம் விடும் பிழைகள்

போனில் உள்ள ஆப் 'நீங்கள் எவ்வளவு உடலுழைப்பு உள்ளவர்?' என்று கேட்கும் இடத்திலேயே பெரும்பாலான கணக்குகள் கோணலாகிவிடுகின்றன.

35 வயது, 160 செ.மீ. உயரம், 70 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணை எடுப்போம். 1990இல் வெளிவந்த மிஃப்ளின் - செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, அவர் சும்மா படுத்துக் கிடந்தாலே உடல் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1,360 கலோரியைச் செலவழிக்கும். கொழும்புக் கோட்டையில் கந்தோர்க் கதிரை, பிறகு பஸ், பிறகு வீடு என்றால் அதை 1.2ஆல் பெருக்க வேண்டும். சுமார் 1,640 வரும், அதுதான் அவருடைய ஒரு நாள் முழுச் செலவு. அவரோ ஞாயிறு மாலை காலிமுகத்திடலில் நடந்ததை நினைத்து 'மிதமான உழைப்பு' என்று அழுத்துகிறார். 1.55ஆல் பெருகி 2,110 ஆகிறது. அதில் 450ஐக் கழித்துவிட்டு 'டயட்டில் இருக்கிறேன்' என்கிறார். உண்மையில் எடை அப்படியே நிற்கும் அளவைத்தான் சாப்பிடுகிறார், பாவம்.

இதற்கு நேர்மாறாக, 1,000 கலோரி என்று இறுக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் இரவு வெள்ளவத்தையில் கொத்துக் கடை வாசலில் நிற்பார்கள். 1,200க்குக் கீழே வைத்தியர் கண்காணிப்பு இல்லாமல் இறங்கவே கூடாது. மேலே சொன்ன பெண்ணுக்கு 1,350 முதல் 1,500 வரை என்று விரித்து வைக்கலாம். கணக்குப்படி மாதம் அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறையும். மெதுவானதுதான். ஆனால் கல்யாண வீடும் கோயில் அன்னதானமும் வருகிற ஊரில் ஒற்றை எண்ணோடு வாழ முடியாது.

அப்புறம் சோறு. 100 கிராம் அரிசியில் சுமார் 350 கலோரி. அதே 100 கிராம் வெந்த சோற்றில் 130 அளவுதான். எதை நிறுத்தோம் என்பதை மறந்தால் முழுக் கணக்கும் கவிழும்.

எழுதாமல் விடுவது தேத்தண்ணியையும் தேங்காயையும். இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட நாலு கோப்பையில் சீனி மட்டும் 130 கலோரிக்கு வரும், பால் தனி. தாளிக்க ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய் 120. சொதியையும் சம்பலையும் 'தொட்டுக்கொள்ளத்தானே' என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் விட்டேன்.

பிஸ்கட் பக்கற்றில் கிலோஜூலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், 4.2ஆல் வகுத்தால் கலோரி.

எடையைத் தினமும் பார்த்துக் கலங்குவதும் வீண். உப்பும் மாதவிடாயும் உடலில் தண்ணீரைத் தேக்கி ஒரே நாளில் ஒரு கிலோ கூட்டிக் காட்டும். வாரச் சராசரியை எடுத்து, மூன்று நாலு வாரம் அசையாவிட்டால் மட்டும் வரம்பை 100 கலோரி இறக்குங்கள்.

இன்சுலின் போடுபவர்களும் சீனி வியாதிக்குக் குளிசை எடுப்பவர்களும் இதைத் தாங்களாகவே தொடங்க வேண்டாம். சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சீனி சட்டென்று இறங்கிவிடும். முதலில் கிளினிக் கொப்பியோடு போய் டொக்டரிடம் கதையுங்கள்.