சான்றிதழ் கேட்கக் கூச்சப்பட்டு மூன்று வருஷத்தைத் தொலைத்தோம்

என் மகன் மூன்றாம் வகுப்பில் ஆங்கிலத்தில் சின்ன 'b'யையும் சின்ன 'd'யையும் மாற்றி மாற்றி எழுதினான். வாயால் கேட்டால் பாடம் முழுவதையும் சொல்வான், எழுதச் சொன்னால் வெறும் தாளை நீட்டுவான். "இவன் அப்பனும் இப்படித்தான் இருந்தான், போகப் போகச் சரியாயிடும்" என்றார் மாமியார். எனக்கும் அதைக் கேட்கத்தான் பிடித்திருந்தது. எழுத்தைப் படிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு என்று தெரிந்தபோது அவன் ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தான். மும்பையில் செம்பூரிலும் தாராவியிலும் என்னிடம் விசாரிக்கும் தமிழ்ப் பெற்றோர் பலரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் சறுக்கல் டியூஷன். ஒரு டியூஷன் போதவில்லை என்று இரண்டாவது சேர்த்தோம். டியூஷனில் பள்ளிப் பாடத்தையே திரும்ப நடத்துவார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது ரெமிடியல் வகுப்பு. அங்கே எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பிலிருந்து மறுபடி தொடங்கிப் படிப்படியாக மேலே கொண்டுபோவார்கள். டிஸ்லெக்சியா அறிவுக் குறைவு அல்ல, மாத்திரையில் தீரும் நோயும் அல்ல. இரண்டு டியூஷனுக்கும் கட்டிய பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அடுத்தது, கற்றல் குறைபாடு இருக்கிறது என்று மருத்துவமனை தரும் சான்றிதழை, "அது எதற்கு, பத்தாம் வகுப்பு வரட்டும்" என்று தள்ளிப்போடுவது. இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மகாராஷ்டிரா அரசு 1996-லேயே தேர்வுச் சலுகை கொடுத்துவிட்டது. சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக 60 நிமிடம் உண்டு, எழுதித் தர ஆள் வைத்துக்கொள்ளலாம், மூன்றாம் மொழியிலிருந்து விலக்கும் கேட்கலாம். ஆனால் கையில் அந்தச் சான்றிதழ் இருக்க வேண்டும், அது ஒரே நாளில் கிடைக்காது. சயான், நாயர், கேஇஎம் போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் இதற்கான மதிப்பீட்டைச் செய்கிறார்கள். குழந்தை மருத்துவர், கண், காது, ஐக்யூ, படிப்புத் திறன் சோதனை, மனநல மருத்துவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள் போக வேண்டியிருக்கும். ஒன்பதாம் வகுப்பின் கடைசியில் போய் கேஸ் பேப்பர் (மருத்துவமனைப் பதிவுச் சீட்டு) எடுத்தால் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். மத்திய அரசின் 2018 வழிகாட்டுதலில் சான்றிதழுக்கு 8 வயது நிறைந்திருக்க வேண்டும் என்று இருந்தது. அதற்காக உதவியையும் எட்டு வயது வரை தள்ளிவைக்க வேண்டியதில்லை, சந்தேகம் வந்த உடனே ரெமிடியல் தொடங்கலாம்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது நான் செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நோட்டுப் புத்தகம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். மானம் போய்விடுமே என்று முந்தின இரவு அவனை உட்கார வைத்து, அழித்து அழித்து அழகாக எழுத வைத்தேன். மதிப்பீடு செய்த டீச்சர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "ரஃப் நோட் இருந்தால் கொடுங்கள், தவறுகளைப் பார்த்தால்தானே எனக்குத் தெரியும்" என்றார். மறுபடி ஒரு நாள் லீவு, மறுபடி லோக்கல் ரயில்.

பள்ளிக்கூடம் கோபித்துக்கொள்ளுமோ என்ற பயமும் வேண்டாம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதைச் சீக்கிரம் கண்டறிந்து ஆவன செய்வது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளின் பொறுப்பு என்று அதன் 16-ஆம் பிரிவு சொல்கிறது. எதையும் எழுத்தில் கேளுங்கள், நகலில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரை வாங்குங்கள். வாசலில் நின்று பேசியது மறுநாள் யாருக்கும் நினைவிருக்காது.

அப்புறம் தமிழ். "வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்துங்கள், மொழிகள் குழம்புகின்றன" என்று ஒரு டீச்சர் சொன்னார், நாங்களும் நிறுத்தினோம். ராத்திரிக் கதை சொல்லும் பாட்டிக்கு இந்தி வராது. வீட்டில் ஒரு மாதம் மௌன விரதம் மாதிரி ஆகிவிட்டது. இரண்டு மொழி பேசுவதால் டிஸ்லெக்சியா வருவதில்லை. ஏற்கெனவே ஆங்கில எழுத்தோடும் தேவநாகரியோடும் போராடும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தை இப்போதே திணிக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பேச்சை நிறுத்துவது வேறு விஷயம். மும்பையில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளும் இருக்கின்றன. அங்கே படிக்கும் பிள்ளை என்றால் வீட்டிலும் வகுப்பிலும் தமிழ்தான் என்பதை மதிப்பீடு செய்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாத மொழியில் சோதித்தால் தடுமாற்றம் மொழியாலா குறைபாட்டாலா என்று எப்படித் தெரியும்?

ஒரு காகிதம் எல்லாவற்றுக்கும் போதும் என்றும் நினைக்காதீர்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். அது ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும். வெறும் டிஸ்லெக்சியாவுக்குக் கிடையாது.

ஆட்டிசம் போன்ற குறைபாடுகளுக்கு "ஆறே மாதத்தில் குணம்" என்று விளம்பரம் செய்பவர்களிடம் நகையை அடகு வைத்துப் போகிறவர்களையும் பார்க்கிறேன். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. அந்தப் பணத்தை வைத்து எத்தனை மாத ஸ்பீச் தெரபி கொடுக்கலாம்! கற்றல் குறைபாட்டுக்கு மகாராஷ்டிரா டிஸ்லெக்சியா அசோசியேஷன், வளர்ச்சிக் குறைபாடுகளுக்கு 2001 முதல் இயங்கும் உம்மீத் என்ற அமைப்பு, காது, பேச்சுப் பிரச்சினைக்கு பாந்த்ராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் என்று இந்த ஊரிலேயே முறையான இடங்கள் இருக்கின்றன.

இந்த அலைச்சலை அம்மாவின் தலையிலேயே கட்டிவிடாதீர்கள், அப்பாக்களே. நான்கு தடவை நான் மட்டும் போனேன். ஐந்தாவது தடவை என் கணவர் வந்தார். மனநல மருத்துவர் கேட்ட கேள்விகளுக்கு நடுவில், "எனக்கும் இப்படித்தான் இருந்தது டாக்டர், அடி வாங்கியே பத்தாவது முடித்தேன்" என்றார். கல்யாணமாகிப் பதினான்கு வருஷத்தில் என்னிடம்கூட அவர் அதைச் சொன்னதில்லை.