தறியடியிலிருந்து உயர்நிலை ஆங்கிலச் சொற்கள்: சேர்க்கும் முறையும் காக்கும் முறையும்

திருப்பூரில் ஓர் ஆடை ஏற்றுமதி அலுவலகத்தில், வாங்குபவருக்கும் ஆலைக்கும் இடையே ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்த புதிதில், வெளிநாட்டு பையர் (வாங்குபவர்) அனுப்பிய அளவுப் பட்டியலில் தோள் அளவை எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்று விளங்காமல், 'ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் மெஷர்மென்ட் சார்ட்' என்று மின்னஞ்சல் எழுதினேன். மறுநாள் வந்த பதில், முதலாளிக்கும் நகல் வைத்து, பட்டியலில் எந்த அளவு தவறென்று நாங்கள் கருதுகிறோம் எனச் சற்றுக் கடுமையாகவே கேட்டிருந்தது. தமிழில் ஆசிரியரிடம் எழுந்து நின்று கேட்பதும் சந்தேகம்தான். ஒருவர் காட்டும் கணக்கை நம்பாமலிருப்பதும் சந்தேகம்தான். இந்தியாவுக்கு வெளியே 'டவுட்' என்றால் பெரும்பாலும் நம்பாமையே நினைவுக்கு வரும். நான் 'கொஸ்டின்' என்றோ 'க்வெரி' என்றோ எழுதியிருந்தால் போதும்.

என் காலை வாரியது அரிய சொல் அன்று, பள்ளியிலிருந்தே தெரிந்த சொல். ஆகவே உயர்நிலைச் சொல்வளம் என்பதை நான் இரண்டு வேலைகளாகப் பிரித்துக்கொள்கிறேன்: தெரிந்ததாக நினைக்கும் சொற்களின் எல்லையைக் கண்டறிவது ஒன்று, தெரியாத சொற்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது மற்றொன்று. பலரும் முதல் வேலையைத் தாண்டிக் குதித்து இரண்டாவதற்குப் போய்விடுகிறார்கள்.

எந்தச் சொற்களைச் சேர்ப்பது என்பதில் ஓரளவு கணக்கு உண்டு. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2000 சொற்குடும்பங்கள், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள், உள்ளன. மேல்நிலைப் பள்ளியை முடித்தவருக்கு இவற்றில் பெரும்பாலானவை முகம் தெரிந்தவையாகவே இருக்கும். இவற்றைக் கடந்து, எல்லாத் துறைகளின் கல்வி எழுத்திலும் பொதுவாக வரும் 570 சொற்குடும்பங்களை ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டில் தொகுத்தார்; கல்வி நூல் ஒன்றின் சொற்களில் சுமார் பத்தில் ஒரு பங்கு இவற்றுள் அடங்கிவிடும். நாவலையோ செய்தித்தாளையோ நூற்றுக்கு 98 சொற்கள் தெரிந்த நிலையில் படிக்க 8000 முதல் 9000 குடும்பங்கள் வேண்டும் என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-இல் சொன்ன கணக்கு. அந்த 8000 மலைப்பைத் தருமாயின் அதை மறந்துவிட்டு 570-இல் தொடங்குங்கள். பட்டியல் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

பயிற்சி மையங்கள் தரும், அகர வரிசையில் அடுக்கிய கனத்த சொற்கையேட்டை முதல் பக்கத்திலிருந்து மனப்பாடம் செய்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். எதிர்ச்சொல்லையும் ஒப்புமையையும் தனித்தனியே கேட்கும் வினாக்களை, வெளிநாட்டு மேற்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வே 2011 ஆகஸ்டில் கைவிட்டு, வாக்கியத்துக்குள் பொருந்தும் சொல்லைக் கேட்கும் முறைக்கு மாறிவிட்டது. ஆங்கிலத் திறனை அளக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் எழுத்துப் பகுதியிலும் பேச்சுப் பகுதியிலும் சொல்லாட்சிக்கு மதிப்பெண்ணில் நான்கில் ஒரு பங்கு உண்டு. அங்கும் பார்ப்பது சொல் இடத்துக்குப் பொருந்துகிறதா என்பதைத்தான்.

தொடங்குவதற்கு உங்கள் தொழிலே நல்ல இடம். கொங்கு நாட்டில் பாவு, ஊடை, தார், நாடா என்ற நெசவுச் சொற்களைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. ஆங்கிலத்தின் கருத்துச் சொற்களில் ஒரு பெருங்கூட்டம் தறியிலிருந்தே எழுந்தது என்பதை அறியும்போது அவை அயலாகத் தோன்றுவதில்லை. நெய்தலைக் குறிக்கும் 'டெக்ஸெரே' என்ற லத்தீன் வினையிலிருந்து 'டெக்ஸ்டைல்' வந்தது. அதே வினையிலிருந்துதான் 'டெக்ஸ்ட்' என்னும் பனுவலும், சேர்த்து நெய்தது என்ற பொருளில் 'கான்டெக்ஸ்ட்' என்னும் சூழலும், முன்னால் திரையாக நெய்தது என்ற பொருளில் 'ப்ரீடெக்ஸ்ட்' என்னும் சாக்குப்போக்கும் வந்தன. இந்த உறவு நமக்குப் புதிதன்று. இழைக்கும் புத்தகத்துக்கும் நூல் என்ற ஒரே பெயரை வைத்திருக்கிறோம்; சீனாபுரத்தவர் என்று எங்கள் பக்கத்தார் உரிமை கொண்டாடும் பவணந்தி முனிவரின் நன்னூலும் சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் புலவனை நூல் நூற்கும் பெண்ணாகவும் உவமிக்கிறது.

'சட்டில்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் நடுவே 'பி' உண்டு, ஒலியில் இல்லை. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவுக்கு அடியில் ஓடும் மெல்லிய இழை என்ற படிமத்திலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் இச்சொல், இன்று கண்ணுக்கு எளிதில் படாத நுட்பமான வேறுபாட்டைக் குறிக்கிறது. துப்பு என்று பொருள்படும் 'க்ளூ' முன்பு நூல் உருண்டையைக் குறித்தது. புதிர்வழிக்குள் நுழைந்த கிரேக்க வீரன் நூலைப் பிரித்துக்கொண்டே போய் அதைப் பிடித்தே வெளியேறிய கதைதான் பொருளை மாற்றியது. வெற்று ஆரவாரப் பேச்சைச் சொல்லும் 'பாம்பாஸ்ட்' உடைகளை உப்பவைக்க உள்ளே திணித்த பஞ்சாக இருந்தது. பஞ்சு மூட்டையைப் பார்த்தவருக்கு இந்தச் சொல் மறக்காது.

இவை அனைத்திலும் எனக்குப் பிடித்தது சாயப்பட்டறைகளுக்கு அருகில் கிடைக்கும் சொல். துணியின் இரு ஓரங்களையும் ஊசியிலோ கிளிப்பிலோ பிடித்து, அகலம் குன்றாமல் சூடான காற்றில் ஓட்டும் இயந்திரத்தை ஸ்டென்டர் என்கிறோம். இயந்திரம் வருவதற்கு முன், நனைந்த துணி சுருங்காமல் காய்வதற்காக அதை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'டென்டர்' என்று பெயர். துணியைப் பிடித்த கொக்கி 'டென்டர்ஹுக்'. தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவன் இழுபட்ட துணியைப் போல 'ஆன் டென்டர்ஹுக்ஸ்' இருக்கிறான். இழுத்தலைக் குறிக்கும் 'டெண்டெரே' என்ற லத்தீன் வினையே வேர். இழுத்துக் கட்டிய கூடாரமான 'டென்ட்', 'டென்ஷன்', 'எக்ஸ்டெண்ட்', மனத்தை ஒன்றை நோக்கி நீட்டும் 'அட்டெண்ட்', 'இன்டெண்ட்' எல்லாம் ஒரே குடும்பம். ஆனால் 'ப்ரிடெண்ட்' என்பதும் இதே குடும்பம்தான்; அதன் இன்றைய பொருளான பாசாங்கை வேரிலிருந்து மட்டும் ஊகித்தறிய முடியாது. வேர் நினைவுக்குக் கைப்பிடி தரும், அகராதியின் வேலையை அது செய்யாது.

சொல்லைக் குறித்துக்கொள்ளும்போது அதனுடன் சேர்ந்து வரும் சொற்களையும் குறிக்க வேண்டும். நாம் மழை பெய்கிறது, வெயில் அடிக்கிறது, காற்று வீசுகிறது என்கிறோம். ஒருவர் 'வெயில் பெய்கிறது' என்றால் பொருள் புரிந்தாலும் சிரிப்போம். ஆங்கிலமும் அப்படித்தான்: மழைக்கு 'ஹெவி', காற்றுக்கும் தேநீருக்கும் 'ஸ்ட்ராங்', முடிவை 'மேக்', குற்றத்தை 'கமிட்', கெடு தேதியை 'மீட்'. இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை, இணையாகவே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நான் எழுதும் அட்டை ஒன்றைக் காட்டுகிறேன். ஆடிட் (தணிக்கை) வரும் வாரத்தில் எந்த ஆலைக்குப் போனாலும், விதிகளுக்கு இணங்கி நடப்பதைக் குறிக்கும் 'காம்ப்ளையன்ஸ்' என்ற சொல் காதில் விழும். அதன் வினைச்சொல்லைச் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் பலர் தயங்குவார்கள். அட்டையின் முன்பக்கத்தில் சொல்லை எழுதாமல், 'த யூனிட் மஸ்ட் டேஷ் வித் த சேஃப்டி ரூல்ஸ்' என்று இடம் விட்ட வாக்கியத்தை எழுதுகிறேன். பின்பக்கத்தில் வினை 'காம்ப்ளை', பெயர் 'காம்ப்ளையன்ஸ்', அடை 'காம்ப்ளையன்ட்', எதிர் 'நான்-காம்ப்ளையன்ஸ்'. வினைக்குப் பின்னால் வருவது 'வித்', 'டு' அன்று என்பதற்கு அடிக்கோடு. கடைசியில், அன்றைய என் வேலையிலிருந்து நானே அமைத்த ஒரு வாக்கியம். தமிழ்ப் பொருளை ஒரு மூலையில் சிறிதாக எழுதுகிறேன், ஏனெனில் 'டவுட்' விவகாரத்தில் என்னைக் கவிழ்த்தது அந்தத் தமிழ்ப் பொருள்தான்.

ஒரே பொருள் தருவதாகத் தோன்றும் சொற்களைப் பிரித்தறிவதற்கு, சிறு துண்டில் சாயமிட்டு நிறம் சரிதானா என்று பார்க்கும் லேப் டிப் முறையைக் கையாளலாம். சாயமிட்ட இரண்டு துண்டுகள் பகலொளியை ஒத்த டி65 விளக்கில் ஒரே நிறமாகத் தெரியும்; கடை விளக்கான டிஎல்84-இல் வைத்தால் ஒன்று சிவப்படிக்கும். மெட்டாமெரிசம் என்று இதற்குப் பெயர். அதனால்தான் பலவகை விளக்குகள் பொருத்திய லைட் பாக்ஸில் விளக்கை மாற்றி மாற்றிப் பார்க்கிறோம். சொல்லையும் அப்படி இரண்டு விளக்கில் பிடித்துப் பாருங்கள். சிக்கனத்துக்குப் பெயர்போன எங்கள் பக்கத்திலிருந்தே உதாரணம் சொன்னால், பத்து ரூபாயைப் பார்த்துச் செலவழித்து மகளைப் படிக்க வைத்த அம்மா 'த்ரிஃப்டி'. ஆடம்பரமே இல்லாத அவருடைய சாப்பாடும் வாழ்க்கையும் 'ஃப்ரூகல்'. வசதியிருந்தும் வேலைக்காரருக்குக் கூலி கொடுக்க மனம் வராத அண்டைவீட்டார் 'ஸ்டிஞ்சி'. அதையே எழுத்தில் கனமாகச் சொன்னால் 'பார்சிமோனியஸ்'. அகராதி நான்குக்கும் ஏறக்குறைய ஒரே விளக்கம் தரக்கூடும். புகழ்ச்சியா இகழ்ச்சியா, பேச்சா எழுத்தா என்ற இரண்டு விளக்குகளில் நிறம் பிரிந்துவிடும். 'யூஸ்' போதுமான இடத்தில் 'யுட்டிலைஸ்' போடுவதும் இதே வகைப் பிழை. கல்யாணப் பட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதற்காக அதை உடுத்திக்கொண்டு களையெடுக்கப் போகிறோமா?

அலுவலக ஆங்கிலத்தில் நாம் மட்டும் வழங்கும் சொற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கிவிடுங்கள். பதில் எழுதுவதற்கு 'ரிவர்ட்' என்கிறோம். பிற நாட்டவருக்கு அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவது. முன்கூட்டிய தேதிக்கு மாற்றுவதைச் சொல்லும் 'ப்ரிபோன்' என்பதை அகராதிகள் இந்திய ஆங்கிலம் என்று குறித்தே சேர்த்திருக்கின்றன. இவை தவறென்று நான் சொல்லவில்லை; கோவைக்குள் எழுதும்போது தாராளமாக எழுதலாம்.

ஒலியைப் பற்றி ஒன்று. தமிழில் அசையை அழுத்துவதால் பொருள் மாறுவதில்லை, ஆகவே நம் காது அதைத் தேடுவதில்லை. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' பெயராக வரும்போது முதல் அசையும் வினையாக வரும்போது இரண்டாவது அசையும் அழுந்தும். இணைய அகராதியில் ஒலிக்குறியைத் தட்டிக் கேட்டு, அழுந்தும் அசைக்கு மேல் ஒரு புள்ளி வைத்த பிறகே அட்டையைப் பெட்டியில் போடுங்கள்.

கற்றது எவ்வளவு விரைவில் நழுவுகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து அளந்து 1885-இல் வெளியிட்டார். இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பது அந்த நழுவலைத் தடுக்கும். அதற்கான எளிய கருவி, ஜெர்மானியர் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய அட்டைப்பெட்டி. நூல் கோன் வந்த காலிப் பெட்டி ஒன்றில் ஐந்து தடுப்புகள் வையுங்கள். ஆடையில் தொங்கவிடும் ஹேங் டேக் அட்டைகளில் மீந்துபோனவற்றின் வெற்றுப் பக்கம் அட்டைக்குப் போதும். முதல் தடுப்பை அன்றாடமும், இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாளும், மூன்றாவதை நான்கு நாளுக்கு ஒருமுறையும், நான்காவதை வாரந்தோறும், ஐந்தாவதை இரு வாரத்துக்கு ஒருமுறையும் பாருங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும்; தவறியது எந்தத் தடுப்பிலிருந்தாலும் முதலுக்குத் திரும்பும். கைப்பேசியில் ஆன்கி செயலி இதே வேலையைச் செய்யும் என்றாலும், முதல் நூறு சொற்களைக் கையால் எழுதுவதே நல்லது என்பது என் எண்ணம். நாளுக்கு ஐந்து புதிய சொற்களுக்கு மேல் வேண்டாம், ஞாயிறன்று புதிதாக எதுவும் வேண்டாம்.

சில அட்டைகள் ஆறேழு முறை முதல் தடுப்புக்கே திரும்பி வரும். பெரும்பாலும் அவை நாம் எங்கும் படித்திராத, பட்டியலிலிருந்து மட்டும் எடுத்த சொற்களாக இருக்கும். அவற்றைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். அந்தச் சொல்லை ஏதேனும் ஒரு மின்னஞ்சலிலோ செய்தியிலோ நேரில் சந்திக்கும் நாளில், சந்தித்த வாக்கியத்தோடு புதிய அட்டை எழுதிக்கொள்ளலாம்.