மனோரஞ்சிதம் பூக்கவில்லையா?

கிணற்றடி, கொல்லைச் சுவரோரம், காற்று அதிகம் அடிக்காத மூலை என்று நிழல் விழும் இடத்துக்கு என்ன கொடி வைக்கலாம் என்று கேட்டால், மனோரஞ்சிதம் என்றுதான் சொல்வேன். வருடம் முழுக்கப் பச்சை குறையாது. ஆனால் "வச்சு நாலு வருஷமாச்சு, ஒரு பூகூட இல்லை" என்ற புலம்பலும் அடிக்கடி காதில் விழுகிறது.

நிழல் தாங்கும் என்றவுடன் சிலர் அடர்ந்த மாமரத்தடியில் கொண்டுபோய் நட்டுவிடுகிறார்கள். அங்கே இலை மட்டும்தான் தழைக்கும். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரமாவது பட வேண்டும். நிழலில் மண் சீக்கிரம் காயாது என்பதால் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகிவிடும். விரலை விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் ஊற்றுங்கள்.

பெரிய தவறு கத்தரிக்கோலால் நடக்கிறது. இலைக்கு எதிரே கொக்கிபோல் வளைந்த காம்பு ஒன்று வரும். பூ தொங்குவதும் அதில்தான், கொடி பற்றி ஏறுவதும் அதை வைத்துத்தான். நாளாக ஆக அது தடித்துக் கட்டையாகிவிடும். காய்ந்த குச்சி என்று நினைத்து அதை நறுக்கிவிடுகிறார்கள். ஒரே கொக்கியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூ வரும். நறுக்கினால் வரவேண்டிய பூவும் சேர்ந்தே போய்விடும்.

தண்டும் நன்றாகப் பருக்கும். கயிறும் மூங்கில் தட்டியும் தாங்காது. கல்தூணோ இரும்புக் குழாயோ வேண்டும்.

பாம்பு வரும் என்று பயந்து, வளர்ந்த கொடியை அடியோடு வெட்டுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பூவின் மணத்துக்குப் பாம்பு வராது. அடியில் சருகு மண்டி, எலியும் தவளையும் தங்கினால் அவற்றைத் தேடித்தான் வரும். தரையிலிருந்து ஒன்றரை அடி வரை கிளையைக் கழித்துவிட்டு, சருகைக் கூட்டிவிடுங்கள்.

அப்புறம், பூக்கவே இல்லை என்று முடிவு கட்டுமுன் இலையை விலக்கிப் பாருங்கள். பக்கத்து வீட்டு அக்கா அப்படிச் சொன்ன கொடியில் நான் மூன்று பூ எண்ணினேன். ஆறு தடித்த இதழும் இலையின் அதே பச்சை, மணமும் இல்லை. பறிக்காமல் விட்டோம். இதழ் மஞ்சளானதும் பழுத்த பழ வாசனை அவர்கள் சமையலறை வரை வந்தது.