பழைய லேப்டாப்புக்குப் புதுத் திரையா? பேனல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

லேப்டாப்பின் மாடல் பெயரைச் சொல்லித் திரை வாங்காதீர்கள். பழைய பேனலை (படம் காட்டும் திரைப் பலகையை) கழற்றி, அதன் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள பேனல் எண்ணை எழுதிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் பேனலைத் தேடுங்கள். ஒரே மாடல் லேப்டாப்பிலேயே வெவ்வேறு நிறுவனங்களின் பேனல்கள் பொருத்தப்பட்டு வரும். கேபிள் செருகும் கனெக்டர் இருக்கும் இடம், அதிலுள்ள பின்களின் (ஊசிகளின்) எண்ணிக்கை, திருகு மாட்டும் காதுகள் எல்லாம் மாறலாம்.

1366x768 பிக்சல் திரையை முழு எச்டி (1920x1080) ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத வகை) ஆக்க நினைப்பவர்களுக்கு இந்த எண் இன்னும் முக்கியம். 30 பின் இடிபி (eDP, திரைக்குப் படத்தை அனுப்பும் இணைப்பு முறை) பேனல் என்றால், 60 ஹெர்ட்ஸ் முழு எச்டி பேனல் பெரும்பாலும் பழைய கேபிளிலேயே ஓடும், ஏனென்றால் இரண்டுக்கும் கனெக்டர் ஒன்றுதான். ஆனால் முழு எச்டிக்குப் பொதுவாக இரண்டு லேன் (படத் தரவு செல்லும் கம்பி ஜோடி) வேண்டும். மலிவான லேப்டாப்களின் கேபிளில் ஒரு லேன் மட்டுமே இணைத்திருந்தால் படம் வராமல் போகலாம். அப்போது கேபிளையும் மாற்ற வேண்டும்.

எல்விடிஎஸ் (LVDS, இடிபிக்கு முந்தைய இணைப்பு முறை) பேனல் உள்ள பழைய லேப்டாப்களுக்கு இது பொருந்தாது. அங்கே இடிபி பேனல் வேலை செய்யாது. கண்ணாடியோடு ஒட்டிய தொடுதிரைக்கும் இது ஒத்துவராது, முழுத் தொகுதியாகத்தான் மாற்ற வேண்டும்.

கனெக்டரைத் தொடும் முன் சார்ஜரை எடுத்துவிட்டு, பேட்டரி இணைப்பையும் கட்டாயம் கழற்றுங்கள். மின்சாரம் இருக்கும்போது செருகினால் மதர்போர்டில் உள்ள பேக்லைட் (திரையின் பின்விளக்கு) ஃப்யூஸ் போய்விடலாம், அப்போது புதுப் பேனலும் இருட்டாகவே நிற்கும்.