‘அவசரம்’ என்பதை ஆங்கிலத்திலும் லாட்விய மொழியிலும் சொல்லப் பழகுவது எப்படி?

லாட்வியாவின் தலைநகரான ரீகாவுக்குப் படிக்கவோ வேலைக்கோ போகிறவர்கள் முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டிவருவது அவசரம் பற்றிய வாக்கியங்களைத்தான். பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், வகுப்புக்கு நேரமாகிவிட்டது, பின்னால் வரும் நண்பனைச் சீக்கிரம் வரச்சொல்ல வேண்டும். தமிழில் ‘அவசரம்’ என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் சமாளித்துவிடுகிறோம். ஆங்கிலமும் லாட்வியமும் அப்படி விடுவதில்லை. அவசரம் ஆளுக்கா, வேலைக்கா என்று இரண்டிலும் முதலில் பிரித்தாக வேண்டும்.

படி 1: ஒலியைச் சரிசெய்யுங்கள்

லாட்விய ‘த’ நம் ‘பத்து’வில் வருவதுபோல நாக்கு பல்லைத் தொட்டு வரும். ஆங்கில ‘ட’ வேண்டாம். எழுத்தில் ஆங்கில ‘ஓ’ போலத் தெரியும் வட்டம், சொந்தச் சொற்களில் பெரும்பாலும் ‘உஒ’ என்று வழுக்கி ஒலிக்கும். கடன் சொற்களில் நேரான ‘ஒ’தான். அழுத்தம் பொதுவாக முதல் அசையில் விழும். கீழே ‘த்ஸ்’ என்று எழுதியிருக்கும் இடத்தில் ‘நாதம்’ என்பதில் வரும் மென்மையான த-வோடு, தேனீயின் ரீங்காரம்போல அதிரும் ஸ-வைச் சேர்த்துச் சொல்லுங்கள். தமிழ் எழுத்தில் அதற்கு மேல் நெருங்க முடியாது.

குறில் நெடிலில் மட்டும் கவனம் தப்பவே கூடாது. ‘ஸ்தெய்க’ என்றால் அவசரம். கடைசி உயிரை நீட்டி ‘ஸ்தெய்கா’ என்றால் அவசரத்தில். நம்முடைய ‘இல்’ உருபு செய்யும் வேலையை அங்கே ஒரு நெடிலே செய்துவிடுகிறது. குறில் நெடில் காதில் ஊறிய நமக்கு இது பெரிய வசதி.

படி 2: ஆள் அவசரத்தில் இருந்தால்

ஆங்கிலத்தில் ‘ஐ’ம் இன் எ ஹரி’. நடுவில் வரும் அந்தச் சின்ன ‘எ’வை நம்மவர்கள் விழுங்கிவிடுவார்கள், ‘இன் ஹரி’ என்பது பிழை.

லாட்வியத்தில் இது ஒரே வினைச்சொல்: ‘எஸ் ஸ்தெய்த்ஸுஒஸ்’. ‘நான் அவசரப்படுகிறேன்’, ‘நான் அவசரத்தில் இருக்கிறேன்’ இரண்டுக்கும் இதுவே. ஆங்கில ‘ஐ ஆம்’-இல் வரும் ‘ஆம்’ மாதிரி ஒரு துணைச்சொல்லைத் தேடி நடுவில் செருகாதீர்கள்.

‘அவள் அவசரப்படுகிறாள்’ என்பது ‘விஞ ஸ்தெய்த்ஸஸ்’. ‘அவள் அவசரப்பட்டாள்’ என்பது ‘விஞ ஸ்தெய்த்ஸாஸ்’. காலமே மாறிவிட்டது, மாறியது ஒரு ‘அ’ மட்டும்தான். குறிலாகவே சொல்லிவிட்டு, நேற்று நடந்ததை ஏன் இன்று நடப்பதாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று விழிப்பவர்கள் உண்டு. ‘நான்’ என்று வரும்போது இந்த வேறுபாடும் கிடையாது, இரண்டு காலத்துக்கும் ஒரே வடிவம். அங்கே ‘வக்கர்’, அதாவது நேற்று, என்ற சொல்லைச் சேர்த்தால் குழப்பம் தீரும்.

‘அவசரப்படு’, ‘அவசரப்படுத்து’ என்று நாம் பிரிப்பதுபோலவே அவர்களிடமும் தன்வினை, பிறவினை உண்டு. ‘ஸ்தெய்க்திஎஸ்’ தன்வினை, ‘ஸ்தெய்த்ஸினாத்’ பிறவினை. ‘என்னை அவசரப்படுத்தாதே’ என்பதற்கு ‘நெஸ்தெய்த்ஸினி மனி’. ஆங்கிலத்தில் ‘டோன்ட் ரஷ் மீ’. பதற்றத்தில் காரியம் கெட்டுப்போகும் என்ற சாயல் ‘ரஷ்’ஷில் இருக்கிறது, ‘ஹரி’யில் அது குறைவு.

படி 3: வேலை அவசரமானதாக இருந்தால்

நம்மிடம் அதிகம் கேட்கும் பிழை ‘ஐ’ம் அர்ஜென்ட்’. ‘எனக்கு அர்ஜென்ட்’ என்ற நம் பேச்சை அப்படியே ஆங்கிலத்தில் கொட்டுவதால் வருவது. அர்ஜென்ட் என்பது செய்திக்கும் வேலைக்கும் உரியது, ஆளுக்குப் பொருந்தாது. ‘இட்ஸ் அர்ஜென்ட்’ என்று சொல்லுங்கள். லாட்வியத்தில் ‘தஸ் இர் ஸ்தெய்த்ஸமி’.

இதே குடும்பம் என்று நினைத்து ஆம்புலன்ஸுக்கும் ‘ஸ்தெய்த்ஸமி’யைப் போடாதீர்கள். பேச்சில் அது ‘ஆத்ரா பலீத்ஸீப’, அதாவது விரைவு உதவி. அலுவல் பெயரில் ‘நெஅத்லிஎக்கமா’ என்று வரும். ‘தள்ளிப்போட முடியாத’ என்று பொருள். லாட்வியாவில் அதற்கான எண் 113. பொது அவசர எண் 112.

படி 4: ‘எனக்கு’ என்று தொடங்குங்கள்

இது தமிழர்களுக்கென்றே அமைந்ததுபோன்ற இடம். ‘எனக்கு நேரம் இல்லை’ என்பது லாட்வியத்தில் ‘மன் நௌ லைக்க’. மன் எனக்கு, நௌ இல்லை, லைக்க நேரம். ஆங்கிலம்போல ‘நான் வைத்திருக்கவில்லை’ என்று சுற்றிப்போக வேண்டாம். நம் நான்காம் வேற்றுமையை அப்படியே வைக்கலாம்.

‘நான் விரைந்தாக வேண்டும்’ என்பதற்கும் அதே ‘மன்’தான்: ‘மன் யாஸ்தெய்த்ஸஸ்’. படர்க்கை நிகழ்கால வடிவத்தின் முன்னால் ‘யா’ ஒட்டினால் ‘வேண்டும்’ என்ற பொருள் வந்துவிடும். இங்கே தமிழ் ‘நான்’ என்று தொடங்கும், அவர்களுக்கு ‘எனக்கு’. பழக்கதோஷத்தில் ‘எஸ் யாஸ்தெய்த்ஸஸ்’ என்று வாயில் வரும், நிறுத்தித் திருத்துங்கள். ‘ஐ ஹேவ் டு ரன்’ என்று ஆங்கிலத்தில் விடைபெறுவதுபோல அங்கே ‘மன் யாஸ்க்ரிஎன்’ என்கிறார்கள். ஓடியாக வேண்டும் என்பதே நேர்ப்பொருள்.

படி 5: அடுத்தவரை விரைவுபடுத்தும்போது மரியாதை

நண்பனிடம் ‘பஸ்தெய்த்ஸிஎஸ்’. பெரியவரிடமும் பலரிடமும் ‘பஸ்தெய்த்ஸிஎத்திஎஸ்’. நம் ‘வா’, ‘வாங்க’ போலத்தான். முன்னால் இருக்கும் ‘ப’, ‘ஹரி அப்’பில் உள்ள ‘அப்’ செய்கிற வேலையைச் செய்கிறது. ‘லூத்ஸு’, அதாவது தயவுசெய்து, என்று சேர்த்தால் உரசல் இருக்காது. ஆங்கிலத்தில் மேலதிகாரியிடம் ‘ஹரி அப்’ வேண்டவே வேண்டாம். அது அதட்டலாகத்தான் விழும்.

காரில் இருக்கும் நண்பர்களுக்குள் ‘ஸ்டெப் ஆன் இட்’ என்பதற்கு ‘காஸி க்ரீதா’ உண்டு. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அமுக்கு என்பது அதன் படம். டாக்ஸி ஓட்டுநரிடம் வேண்டாம்.

எதிர்ப்பக்கம் ‘டேக் யுவர் டைம்’. அதற்கு ‘நெஸ்தெய்த்ஸிஎத்திஎஸ்’ போதும். சொல்லுக்குச் சொல் மாற்றி ‘உங்கள் நேரத்தை எடுங்கள்’ என்றால் கேட்பவர் குழம்புவார்.

படி 6: தாமதம், பிடித்தது, தவறவிட்டது

வழியில் இருக்கும்போது ‘ஐ’ம் ரன்னிங் லேட்’, லாட்வியத்தில் ‘எஸ் கவேயு’. போய்ச் சேர்ந்த பிறகு ‘சாரி ஐ’ம் லேட்’. அங்கே ‘அத்வைனுஒயிஎத், எஸ் நுஒக்கவேயு’. முடிந்துபோனதைக் காட்டுவது ‘நுஒ’ என்ற முன்னொட்டு. பஸ்ஸையும் சேர்த்து ‘எஸ் நுஒக்கவேயு அவுத்தொபுஸு’ என்றால் பஸ்ஸைத் தவறவிட்டேன். ‘அவுத்தொபுஸ் கவேயஸ்’ என்றால் பஸ்தான் தாமதம். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் ‘எஸ் பஸ்பேயு!’

பயிற்சி

நாளைக்குக் காலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மூன்று வாக்கியங்களை வாய்விட்டுச் சொல்லுங்கள். கதவைப் பூட்டும்போது ‘மன் யாஸ்தெய்த்ஸஸ்’. நிறுத்தத்தை நோக்கி நடக்கும்போது ‘எஸ் ஸ்தெய்த்ஸுஒஸ்’. பஸ்ஸில் ஏறியதும் ‘எஸ் பஸ்பேயு’, விட்டுவிட்டால் ‘எஸ் நுஒக்கவேயு’. ஐந்து நாள் இப்படிச் செய்த பிறகு ‘நான்’ இருக்கும் இடத்தில் ‘அவள்’ போட்டு, ‘ஸ்தெய்த்ஸஸ்’, ‘ஸ்தெய்த்ஸாஸ்’ இரண்டையும் போனில் பதிவுசெய்து கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோலக் கேட்டால், நெடிலை இன்னும் ஒரு மாத்திரை இழுத்துத் திரும்பப் பதிவுசெய்யுங்கள்.