உப்புக் காற்றில் மின்சாரக் கார்: காலிப்பரில் நாம் செய்யும் தவறுகள்

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, "பிரேக் பேட் தேயவே தேயாது" என்பது. உண்மைதான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வேகத்தைக் குறைத்துவிடும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை பேட் கவ்வ வேண்டிய வேலையே குறைவு. மதுரைக்காரருக்கு இது லாபம். மண்டபத்திலும் கீழக்கரையிலும் இருக்கிற நமக்குக் கணக்கு வேறு. அடிக்கடி பிடிக்கிற பிரேக்கில் டிஸ்க்கின் துரு உடனுக்குடன் துடைபடும், பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரைத் தாங்கும் பின்கள் அசைந்துகொண்டே இருக்கும். சும்மா கிடக்கிற பின்னில் உப்பு ஈரம் இறங்கினால் அது அங்கேயே இறுகிவிடும். பேட் தடிமனாக இருக்கிறது, அதனால் பிரேக்கும் நன்றாக இருக்கிறது என்று நம்பி விடுவது முதல் தவறு.

நானும் அப்படி விட்டவன்தான். முழு சார்ஜுக்கு ஓடும் தூரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. "அண்ணே, பேட்டரி வீக்காயிருச்சு" என்றார்கள் பட்டறையில். அதை நம்பி ஒரு மாதம் போனது. ஒருநாள் அரிச்சல்முனை போய்விட்டுத் திரும்புகையில் பாம்பனில் டீக்கு நிறுத்தினேன். கருகல் வாடை. பின்பக்க இடது சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் அடித்தது. பேட்டரிக்கு ஒன்றுமில்லை, பிரேக் பிடித்தபடியே கார் ஓடியிருக்கிறது. ரேஞ்ச் குறைந்தால் பேட்டரியைத் திட்டுவதற்கு முன், பத்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் போடாமல் ஓட்டி நிறுத்தி, இடது வலது சக்கரங்களின் சூட்டை ஒப்பிடுங்கள். தொடாமலே சூடு காட்டும் வெப்பமானி இருந்தால் நல்லது. டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள், தோல் உரிந்துவிடும்.

அடுத்த தவறு எனக்குச் செலவு வைத்தது. சக்கரம் சூடாகிறதா, காலிப்பர் போச்சு என்று அன்றைக்கே புதுசு ஆர்டர் போட்டேன். கழற்றிப் பார்த்தால் பேட்டைத் தள்ளும் பிஸ்டன் நன்றாக இருந்தது. பின் ஒன்றுதான் துருவில் இறுகியிருந்தது. சுத்தம் செய்து, ரப்பர் உறையை மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் வைத்ததோடு சரியாகிவிட்டது. சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைத்துவிடும், அதையும் வைக்காதீர்கள்.

எது பழுது என்று சக்கரமே ஓரளவு சொல்லிவிடும். ஒரே சக்கரத்தில் ஒரு பேட் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தாலோ, ஒரே பேட் சாய்வாகத் தேய்ந்திருந்தாலோ பின்களைச் சந்தேகியுங்கள். சக்கரம் இறுகியிருக்கும்போதே, பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை எடுக்கக் காலிப்பரில் இருக்கும் நிப்பிளை லேசாகத் தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீய்ச்சி, சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும், உள்பக்கம் வீங்கிய ரப்பர் ஹோஸ்தான் காரணம், காலிப்பரை மாற்றியும் பயனில்லை. அப்போதும் விடுபடவில்லையென்றால் பின், பிஸ்டன், அல்லது முழுதாக விடுபடாத மின்சார ஹேண்ட் பிரேக். பிஸ்டனில் துரு குழி விழுந்திருந்தால் மட்டும் காலிப்பரை மாற்றுங்கள்.

அந்தப் புதுக் காலிப்பர் பரணில் கிடந்தது. ஆறு மாதம் கழித்து வலது பக்கத்தில் உண்மையாகவே பிஸ்டன் போனது. ஆகா, வீணாகவில்லை என்று இறக்கினால், அது இடது பக்கத்துக்கானது! இதை வலதில் மாட்டிவிடவும் முடியும், அதுதான் ஆபத்து. நிப்பிள் கீழே வந்துவிடும். காற்று மேலே தங்கும். எத்தனை முறை மிதித்தாலும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். நிப்பிள் எப்போதும் மேலே இருக்க வேண்டும்.

மாற்றும்போது மின்சாரக் காருக்கென்றே சில தவறுகள் இருக்கின்றன. ஹேண்ட் பிரேக் மோட்டார் உள்ள பின்பக்கக் காலிப்பரில் பிஸ்டனை கிளாம்ப் போட்டு நெட்டினால் உள்ளிருக்கும் அமைப்பு பழுதாகிவிடலாம். ஸ்கேனர் மூலமோ காரின் திரையிலுள்ள மெனு மூலமோ, ஹேண்ட் பிரேக்கை முழுதாக விடுவிக்கும் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோன பிறகே தொட வேண்டும். அந்த நிலையில் ஹேண்ட் பிரேக் இருக்காது என்பதால் முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிடுங்கள். காரின் அடிவயிறு முழுக்க பேட்டரி. குறித்த இடத்தில் தவிர ஜாக்கி வைக்கவே கூடாது. கழற்றிய காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவதும் நம் பட்டறைகளில் சகஜம். ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட எவ்வளவு நேரமாகும்?

பிரேக் ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். அது காற்றிலிருந்தே ஈரம் உறிஞ்சும். டாட் 4 என்ற தரத்தில் விற்கும் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. நீர் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடலாம். நம் ஊர்ப் புழுக்கத்தில் போன வருஷம் திறந்த பாட்டிலை எடுத்து ஊற்றாதீர்கள். ஹோஸ் சேரும் போல்ட்டின் இரண்டு பக்க வாஷர்களும் புதிதாக இருக்க வேண்டும். பேட் மாற்றினால் இரு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

அப்புறம் கழுவுவது. தனுஷ்கோடி சாலையில் இரண்டு பக்கமும் கடல். திரும்பி வந்ததும் சக்கரங்களைக் கழுவ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் கழுவுவது போர் தண்ணீரில்! கரையோரத்தில் பல இடங்களில் அதுவே உப்பு. நல்ல தண்ணீர் இரண்டு குடம் போதும். கழுவியதும் அப்படியே நிறுத்திவிடாமல், ரீஜென் அளவை, அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைக்கும் அளவை, ஆகக் குறைவில் வைத்து, ஆளில்லாத தெருவில் நாலைந்து தடவை பிரேக்கை அழுத்தி டிஸ்க்கைக் காய வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் காவிரிக் குடிநீர் வருகிற அன்று நான் குடத்தோடு காருக்கருகே போனால், மனைவி திண்ணையிலிருந்தே "ரெண்டுதான்" என்று எண்ணிக்கொண்டிருப்பார்.