தெலோனியஸ் மாங்க்: எந்தப் பதிவிலிருந்து கேட்கத் தொடங்குவது?

அக்டோபர் 10, தெலோனியஸ் மாங்க் பிறந்த நாள் (1917). 1982-ல் மறைந்துவிட்ட அந்த ஜாஸ் பியானோ மேதையை நினைவுகூர இரண்டு மணி நேரமும் ஒரு இயர்போனும் போதும். போன் ஸ்பீக்கர் வேண்டாம். அதில் பாஸ் (தாழ்ந்த சுரங்களை இசைக்கும் பெரிய நரம்புக் கருவி) கேட்காது. பாஸ் கேட்காவிட்டால் கீழே சொல்லும் எதுவும் பிடிபடாது.

1. பட்டியல் போடுங்கள்

'பெஸ்ட் ஆஃப்' தொகுப்புகளைத் தொடாதீர்கள். காலம் எல்லாம் கலந்து கிடக்கும். இசைச் செயலிகளில் தெரிவது பெரும்பாலும் ஆல்பம் வெளியான ஆண்டு. நமக்கு வேண்டியது பதிவான ஆண்டு. 'ஆல்டர்நேட் டேக்' (அதே இசையை இன்னொரு முறை வாசித்த பதிவு) என்று இருப்பதை இப்போதைக்கு நீக்கிவிடுங்கள்; இல்லையென்றால் ஒரே இசையை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்க நேரும்.

2. 'புளூ மாங்க்' (1954): இங்கேதான் நிற்க வேண்டும்

பியானோ மாங்க், பாஸ் பெர்சி ஹீத், டிரம்ஸ் ஆர்ட் பிளேக்கி. சாக்சஃபோன் கேட்டால் நீங்கள் வேறு பதிவில் இருக்கிறீர்கள்.

இது 12 பார் புளூஸ்: பன்னிரண்டு பார் (தாளப் பகுதி) கொண்ட ஒரு சுற்று திரும்பத் திரும்ப வரும். ஒரு பாருக்கு நான்கு அடி, ஒரு சுற்றுக்கு 48. காலால் அடியைத் தட்டுங்கள். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் பாருக்கு ஒன்றாக நகர்த்துங்கள். விரலுக்கு மூன்று கணு, நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. சுண்டுவிரல் முடிந்தால் ஒரு சுற்று முடிந்தது.

முதல் மெட்டு முடிந்ததும் எண்ணிக்கை தவறும். கால் பியானோவைப் பின்தொடர்வதுதான் காரணம். மாங்க் அழுத்தம் கொடுப்பது பல நேரம் இரண்டு அடிகளுக்கு நடுவில். சில இடங்களில் வாசிக்காமலே விடுவார். அந்த வெற்றிடத்தில் கால் நின்றுவிடும். பியானோவை விட்டுவிட்டு ஹீத்தின் பாஸைப் பிடியுங்கள். பியானோ வாசிக்கும் பகுதியில் அது அடிக்கு ஒரு சுரமாக நடந்துகொண்டே இருக்கும். மூன்று சுற்று தவறாமல் எண்ணிவிட்டால், மாங்க் விட்ட இடைவெளி சரியான அளவுக்கு வெட்டப்பட்டது என்பது காதுக்கே தெரியும். எண்ணிக்கை கைவரும்வரை அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

3. 'மிஸ்டீரியோஸோ' (1948)

இதுவும் 12 பார்தான், அதே விரல் கணக்கு. மில்ட் ஜாக்சன் வைப்ரஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) வாசிக்கும்போது அவரை விட்டுவிட்டுப் பின்னால் பியானோவை மட்டும் கேளுங்கள். 78 சுழற்சி இசைத்தட்டின் காலம் என்பதால் சுமார் மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

4. 'ரவுண்ட் மிட்நைட்', இரண்டு முறை

முதலில் 1947-ல் புளூ நோட் நிறுவனத்துக்காகச் செய்த பதிவு, குழுவோடு. பிறகு 1957-ன் 'தெலோனியஸ் ஹிம்செல்ஃப்' ஆல்பத்தில் தனிப் பியானோ. அந்த ஆல்பத்தின் சிடி மறுபதிப்பில் சுமார் 22 நிமிட ஒத்திகைப் பதிவும் இருக்கிறது: தொடங்குகிறார், நிறுத்துகிறார், மறுபடி தொடங்குகிறார். தன் சொந்த மெட்டையே பத்து ஆண்டுக்குப் பிறகும் அவர் இப்படிக் கிளறிப் பார்க்கிறார். இசையமைப்பாளராக மாங்க் யார் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேறில்லை.

5. 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' (1956)

இதில் தொடங்கிப் பாதியில் விடுபவர்கள் அதிகம். சுற்று 12 பார் அல்ல, 22. மெதுவாக ஒரு சுற்று, இரட்டை வேகத்தில் அடுத்தது. சாக்சஃபோனில் சோனி ரோலின்ஸும் டிரம்ஸில் மேக்ஸ் ரோச்சும் இருந்தும் 25 டேக்குகளில் ஒன்றுகூட முழுதாக அமையவில்லை. தயாரிப்பாளர் ஆரின் கீப்நியூஸ் துண்டுகளை ஒட்டித்தான் வெளியிட்டார். எண்ண வேண்டாம், வேகம் மாறும் இடத்தை மட்டும் பிடியுங்கள்.

6. கார்னகி ஹால், சாக்சஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனுடன்

செயலியில் 2005 என்று இருக்கும். கச்சேரி நடந்தது 1957 நவம்பர் 29. ஒலிநாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 2005-ல்தான் கிடைத்தது. இதிலும் 'புளூ மாங்க்' உண்டு, இம்முறை சாக்சஃபோனோடு. அதே பன்னிரண்டு கணுக்களை வைத்துக்கொண்டு கேளுங்கள்.

பின்சேர்க்கை: கார்னகி ஹால் ஆல்பத்தின் கடைசியில் வரும் 'எபிஸ்ட்ரஃபி' பாதியில் அறுந்துவிடுகிறதே என்று செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டாம். கிடைத்த பதிவே அவ்வளவுதான்.